ஆட்டம் அங்கே, ஆட்டுவிப்பவர் எங்கே?

பெர்த் நகரத்துத் திடலிலே பந்து உதைபடுகிறது. கோல் விழுந்த மறுகணமே, அதை எந்தக் காமிராவிலிருந்து காட்டுவது, எந்தக் காட்சியை மெதுவாக ஓட்டித் திரும்பக் காட்டுவது, கூட்டத்தின் ஆரவாரத்தை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவு செய்கிறவர்கள் அந்தத் திடலிலே இல்லை. அந்த ஊரிலேயே இல்லை. சுமார் 3,300 கிலோமீட்டருக்கு அப்பால், ஆஸ்திரேலியக் கண்டத்தின் மறுகரையில், சிட்னி நகரத்து அறையொன்றிலே உட்கார்ந்திருக்கிறார்கள். என்.ஈ.பி. என்ற ஒளிபரப்பு நிறுவனம் 2018-இல் சிட்னியிலும் மெல்போர்னிலும் இதற்கென்றே மையங்களை அமைத்தது. டெல்ஸ்ட்ரா என்ற தொலைபேசி நிறுவனம் அம்மையங்களை நாட்டின் விளையாட்டரங்குகளோடு கண்ணாடி இழையால் பிணைத்தது.

"இதென்ன பித்தலாட்டம்? ஆட்டத்தை நேரில் காணாதவனா நமக்கு ஆட்டத்தைக் காட்டுவது?" என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், தோழர்களே, இந்தக் கேள்வி இன்று பிறந்ததல்ல. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, அதே சிட்னியிலே பிறந்துவிட்டது!

1938-ஆம் ஆண்டு. பிராட்மன் தலைமையிலே ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது. ஊரிலே இருப்பவர்களுக்கோ ஆட்டத்தை உடனுக்குடன் கேட்க ஆவல். கடல் கடந்து வரும் சிற்றலை வானொலியோ கரகரப்பதும் மங்குவதுமாக இருந்த காலம். வானொலிக்காரர்கள் என்ன செய்தார்கள்? இங்கிலாந்துத் திடலிலிருந்து, விழுந்த பந்துகளின் விவரம் குறிச்சொற்களாகத் தந்தியிலே சிட்னிக்குப் பறந்தது. அதைப் பிரித்துப் படித்து வர்ணனையாளர் கையிலே கொடுப்பார் ஒருவர். ஆலன் மக்கில்வ்ரே போன்றவர்கள் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு, கண்ணெதிரே ஆட்டம் நடப்பது போலவே பேசினார்கள். கூட்டத்தின் கைதட்டல் கிராமபோன் தட்டிலிருந்து வந்தது. மட்டையிலே பந்து பட்ட ஓசை? மரத்துண்டின் மீது ஒரு பென்சிலால் 'டொக்' என்று ஒரு தட்டு! அவ்வளவுதான். அந்தத் தொடரிலேதான் ஓவல் திடலில் இங்கிலாந்தின் ஹட்டன் 364 ஓட்டம் குவித்தார். பென்சில் பிடித்தவருக்குக் கை வலித்திருக்கும், பாவம்.

அன்று ஓசையை உற்பத்தி செய்தார்கள். இன்று அப்படியல்ல. உண்மையான படமும் உண்மையான ஓசையும்தான் சிட்னிக்கு வருகின்றன. ஆகவே பித்தலாட்டம் என்ற குற்றச்சாட்டை நாம் தள்ளிவிடலாம். வேறு குற்றச்சாட்டு இருக்கிறது. அதற்கு வருமுன் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

கால்பந்துத் திடலைச் சுற்றிலும் வரிசையாக மைக்குகள் நிற்கும். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து மைக்கை உயர்த்தி, மற்றதைத் தாழ்த்தி, பந்தை விரலாலேயே துரத்துகிறார் ஒலிக்காரர். நம் வீட்டிலே கேட்கும் அந்த 'தும்' என்ற உதையோசை தானாக வருவதல்ல. ஒரு தொழிலாளியின் விரல் நுனியிலிருந்து வருவது. முன்பு அவர் திடலுக்கு வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டிக்குள் இருந்தார். இன்று சிட்னியில் இருக்கிறார். விரல் அங்கே, மைக் இங்கே.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடும். பெர்த்திலிருந்து சிட்னிக்கு வர நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் கருவிகளுக்குப் பிடிக்கும் நேரம் தனி. பார்ப்பவருக்கு இது தெரியாது. திடலிலே அமர்ந்து பேசும் வர்ணனையாளரின் காதுக்கு நன்றாகத் தெரியும்! தம் குரலே சிட்னிக்குப் போய்த் திரும்பிச் சற்றுப் பிந்தித் தம் காதிலே விழுந்தால், எப்பேர்ப்பட்ட நாவலருக்கும் நாக்குக் குழறும். அதனால் அவர் காதுக்கான ஒலியை மட்டும் திடலிலேயே ஒரு கருவி கலந்து கொடுக்கிறது. அந்தக் கருவிக்குக் கட்டளை மட்டும் சிட்னியிலிருந்து வருகிறது. படத்தையும் ஒலியையும் தனித்தனி ஓட்டங்களாக அனுப்பும் முறைக்கு 2017-இல் ஒரு பொதுவிதி வந்தது. ஒரே கடிகாரத்தின் நேரத்தை ஒவ்வொன்றிலும் முத்திரையிட்டு அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்திலே ஜோடி சேர்க்கிறார்கள். இல்லையேல் கால் முதலில் உதைக்கும், ஓசை பிறகு வரும். கெட்டிக்கார வேலை. மறுப்பதற்கில்லை.

இதிலே தொழிலாளிக்கு நன்மையே இல்லையா என்றால், உண்டு. வாரந்தோறும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பறந்தவர், ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிடலாம். இது அற்ப லாபமல்ல.

ஆனால் கணக்குப் புத்தகத்தின் மறுபக்கத்தைப் புரட்டுங்கள். விமானச் செலவு மிச்சம், விடுதிச் செலவு மிச்சம், பயண நாளுக்குக் கொடுத்த கூலியும் மிச்சம். இந்த மிச்சமெல்லாம் யார் பெட்டிக்குப் போகிறது? இத்தொழிலிலே பலர் நாட்கூலிக்கு வருகிறவர்கள். பெர்த் ஆட்டத்துக்கு ஒரு நாள், பிரிஸ்பேன் ஆட்டத்துக்கு ஒரு நாள் என்று கூலி வாங்கியவரை, ஒரே நாற்காலியில் உட்காரவைத்து, பிற்பகலில் அதையும் இரவில் இதையும் முடிக்கச் சொன்னால், ஆட்டம் இரண்டு, கூலி ஒன்று! பெர்த்திலேயே குடியிருந்து அந்த வண்டியிலே வேலை பார்த்த உள்ளூர்த் தொழிலாளி என்ன ஆவார்? கம்பி இழுக்கவும், காமிரா பிடிக்கவும், மைக் நடவும் ஆள் வேண்டும். அந்த வேலை அங்கேதான் இருக்கும். மூளைக்கும் விரலுக்குமான வேலை சிட்னிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவோடு நிற்கவில்லை இது. கொள்ளைநோய்க் காலத்தில், 2020-இல், ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயக்காரர்கள் ஒளிபரப்பு வேலையின் பெரும்பகுதியை இங்கிலாந்தின் பிக்கின் ஹில் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். 2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கை அமெரிக்காவின் என்.பி.சி. வர்ணனையாளர்கள் கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்ஃபோர்டில் உட்கார்ந்து வர்ணித்தார்கள். நோய்க்கு அஞ்சிச் செய்தது என்றார்கள், நியாயம்தான். நோய் தணிந்த பிறகும் பந்தயக்காரர்கள் அந்த அறையைப் பூட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இயந்திரத்தை உடைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கண்ணாடி இழை யாருக்கும் பகையல்ல. ஆனால் அது வரும்போது, ஒப்பந்தத் தாளும் கூடவே வர வேண்டும். அமெரிக்காவிலே 1893-இல் மேடைத் தொழிலாளருக்காகத் தோன்றிய ஐ.ஏ.டி.எஸ்.ஈ. சங்கத்தில் இன்று விளையாட்டு ஒளிபரப்புத் தொழிலாளரும் இருக்கிறார்கள். பிரிட்டனில் பெக்டு, ஆஸ்திரேலியாவில் எம்.ஈ.ஏ.ஏ. இருக்கின்றன. இச்சங்கங்களின் மேசை மீது இன்று வைக்க வேண்டிய கேள்விகள் கடினமானவை அல்ல. ஒருவர் ஒரு நாளில் எத்தனை ஆட்டத்துக்கு விரலோட்டுவது? இரண்டு ஆட்டங்களுக்கு இடையே எத்தனை மணி நேரம் ஓய்வு? இரண்டாவது ஆட்டத்துக்குக் கூலி எவ்வளவு? இழை அறுந்து படம் நின்றால் பழி யார் தலையில்: சிட்னியில் இருப்பவர் தலையிலா, மழையிலே காமிராவோடு நிற்பவர் தலையிலா? இவற்றையெல்லாம் எழுத்திலே வாங்கும் நேரம், அடுத்த மையம் கட்டி முடிப்பதற்கு முன்புதான், பின்பு அல்ல.