பெருமூச்சின் மருத்துவம்
இருதய அறுவைக்குப்பின் மூச்சுப் பயிற்சிக் கருவிகள்

பெருமூச்சு என்றவுடன் துயரமும் களைப்புமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் உடலியல் அறிஞர் அதனை வேறு விதமாகக் காண்கின்றனர். துயரம் ஏதுமற்ற ஒருவரும், தாம் அறியாமலே, சுமார் ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை ஆழ்ந்த மூச்சொன்றை உள்வாங்குகிறார். சாதாரண மூச்சில் உட்செல்லும் காற்று ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். பெருமூச்சிலோ அதனினும் பெரிய அளவு செல்கிறது. நுரையீரலின் மூலை முடுக்குகளிலுள்ள நுண்ணறைகள் மூடிவிடாமல் காப்பது இம்மூச்சே. பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர் இப்பெருமூச்சு நின்றுபோவதால் நேரும் தீங்கினையும், அதனை மீட்டளிக்கும் எளிய கருவிகளையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அறுவையின் தன்மை

இருதயத் தசைக்கு இரத்தமளிக்கும் தமனிகள் கொழுப்பேறி அடைபடும்போது, அடைப்பினைச் சுற்றி மாற்றுப்பாதை அமைப்பதே ‘பைபாஸ்’ அறுவை எனப்படுவது. காலிலிருந்து எடுத்த சிரையையோ, மார்புச் சுவரின் உட்புறத் தமனியையோ இதற்குப் பயன்படுத்துவர். காற்சிரையைக் கொண்டு செய்யும் முறையை 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டாக்டர் ரெனே பவலோரோ நிலைபெறச் செய்தார். நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டில் சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இவ்வறுவையைச் செய்தார். இன்று பல மாநிலங்களிலும் இது நடைபெற்று வருகிறது.

இவ்வறுவைக்கு மார்பெலும்பை நெடுக்கில் பிளக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் இருதயத்தை நிறுத்தி, இருதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையால் இரத்தத்தை ஓடச் செய்கின்றனர். அந்நேரத்தில் நுரையீரல் வேலையின்றிச் சுருங்கிக் கிடக்கிறது. இருதயம் செப்பனிடப்பட்டு நோயாளி கண் விழிக்கும்போது, அவரது நுரையீரல் முன்போல் விரிந்திருப்பதில்லை.

நுண்ணறைகள் மூடுவது ஏன்?

நம் நுரையீரல்களில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் உட்சுவர் ஈரமானது. ஈரமான பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. நனைந்த பிளாஸ்டிக் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். நுண்ணறைகள் இவ்வாறு ஒட்டாதபடி, பரப்பு இழுவிசையைக் குறைக்கும் ஒருவகைப் பொருளை அவற்றின் செல்கள் சுரக்கின்றன. நுரையீரல் நன்கு விரியும்போதுதான் இச்சுரப்பு வேண்டிய அளவு வெளிப்படும்.

அறுவைக்குப்பின் இதற்குப் பல தடைகள் நேர்கின்றன. மல்லாந்து படுத்திருப்பதால் வயிற்றுறுப்புகள் உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன. வலியடக்கும் மருந்துகளுட் சில பெருமூச்சினை அடக்கிவிடுகின்றன. இருதயத்தைக் குளிர்விக்கப் பனிக்கட்டி பயன்பட்டிருப்பின், உதரவிதானத்தை இயக்கும் நரம்பு சில காலம் மரத்துப்போவதுமுண்டு. இவை எல்லாவற்றினும் மேலாக, மார்புப் புண்ணின் வலிக்கு அஞ்சி நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார், இருமுவதையும் தவிர்க்கிறார். இதன் விளைவாகச் சளி தேங்குகிறது. அடிப்பகுதி நுண்ணறைகள் மூடுகின்றன. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. தேங்கிய சளியில் கிருமிகள் பெருகி நிமோனியா தோன்றுவதற்கும் இடமுண்டு.

மூடிய நுண்ணறையைத் திறப்பது எளிதன்று. புதிய பலூனை ஊதுவோர் முதல் ஊதலே கடினமென்றும், சற்று விரிந்தபின் எளிதென்றும் அறிவர். நுண்ணறையும் அத்தகையதே. ஆகவே மூடியபின் திறக்க முயல்வதைக் காட்டிலும், மூடாமற் காப்பதே அறிவுடைமை.

ஊதுவதிலிருந்து உள்ளிழுப்பதற்கு

அறுவைக்குப்பின் நுரையீரல் சுருங்குவதை இந்த நூற்றாண்டின் மருத்துவர் மட்டும் அறிந்தவரல்லர். இலண்டன் வைத்தியரான வில்லியம் பாஸ்டர் 1908-ஆம் ஆண்டிலேயே நுரையீரல் சுருக்கம் பற்றி விரிவான சொற்பொழிவு நிகழ்த்தினார். (வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட லூயி பாஸ்டர் வேறொருவர்.) பிற்காலத்தில், ஒரு புட்டியிலுள்ள நீரை மற்றொரு புட்டிக்கு ஊதித் தள்ளும் பயிற்சி மருத்துவமனைகளில் வழங்கிற்று. ஆனால் ஊதும் செயல் நுரையீரலைச் சுருக்குவது, விரிப்பதன்று. ஊதுவதற்கு முன் நோயாளி எடுக்கும் ஆழ்ந்த மூச்சே பயனளிக்கிறது. இவ்வுண்மையை வற்புறுத்தியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் இராபர்ட் பார்ட்லெட். உள்ளிழுப்பதை அளந்து காட்டி நோயாளிக்கு ஊக்கமளிக்கும் கருவி 1970-களில் பரவலாயிற்று.

இரு வகைக் கருவிகள்

இன்று வழங்கும் கருவிகள் இரு வகையின. முதலாவது, நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் மூன்று பந்துக் கருவி. மூன்று குழாய்களில் மூன்று பந்துகள் உள்ளன. உள்ளிழுக்கும் வேகம் வினாடிக்கு 600 மில்லிலிட்டரானால் முதற்பந்தும், 900 ஆனால் இரண்டாவதும், 1200 ஆனால் மூன்றாவதும் எழும். இரண்டாவது வகையில், உட்சென்ற காற்றின் மொத்த அளவினை ஒரு தட்டு மேலெழுந்து காட்டும்.

முதல் வகையில் ஒரு மயக்கம் நேரக்கூடும். அது காட்டுவது வேகத்தை, அளவையன்று. ஒருவர் வெடுக்கென இழுத்து மூன்று பந்துகளையும் அரை வினாடி எழுப்பினால், உட்செல்வது ஏறத்தாழ 600 மில்லிலிட்டரே. மற்றொருவர் முதற்பந்தை மட்டும் மூன்று வினாடி மேலே நிறுத்தினால் 1800 மில்லிலிட்டர் உட்செல்கிறது. முன்னவர் வென்றதாகத் தோன்றினும் பின்னவரே பயன்பெற்றவர். இக்கணக்கினை நோயாளிக்கும் உறவினர்க்கும் விளக்கிச் சொல்லுதல் நலம்.

இதனினும் பெரிய பிழை, கருவியை வாயில் வைத்து ஊதுவது. குழலும் பந்தும் கண்டவர்க்கு ஊதுவதே இயல்பாகத் தோன்றும். ஊதினால் பந்து எழாது. ‘எனக்கு வலுவில்லை’ என்று எண்ணி நோயாளி அதனைப் பரண்மேல் வைத்துவிடக்கூடும்.

ஆராய்ச்சி கூறுவது

கருவி கையிலிருந்தால் மட்டும் போதுமா? 2012-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, பைபாஸ் அறுவை பெற்ற 592 நோயாளிகளைப் பற்றிய 7 ஆய்வுகளைத் திரட்டி நோக்கிற்று. பிற சிகிச்சை முறைகளைக் காட்டிலும் இக்கருவி நுரையீரற் கோளாறுகளைக் குறைக்கிறது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை.

ஆயின் மூச்சுப் பயிற்சியே வீண் என்பது இதன் பொருளன்று. 2005-ஆம் ஆண்டில் வெளியான சுவீடன் ஆய்வொன்றில் 90 பேர் பங்குகொண்டனர். பகற்பொழுதில் மணிக்கொரு முறை 30 ஆழ்ந்த மூச்சுகள் எடுத்து, தடையுள்ள புட்டிக் குழல்வழி வெளியிட்டோருக்கு, நான்காம் நாளில் சுருங்கிய நுரையீரற் பரப்பு மற்றவர்க்கிருந்ததில் ஏறக்குறைய பாதியாகவே இருந்தது. 2006-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கோளாறு நேரும் வாய்ப்பு மிகுந்த 279 பேர் ஆராயப்பட்டனர். அறுவைக்கு முன்பே சில வாரங்கள் மூச்சிழுக்கும் தசைகளுக்குப் பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாதோரில் 35 பேருக்கும் நுரையீரற் கோளாறு உண்டாயிற்று. 2019-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்றில், நேரந்தோறும் மணியொலித்து நினைவூட்டும் அமைப்பைக் கருவியுடன் இணைத்தனர். நினைவூட்டப்பட்டோர் பயிற்சியைக் கூடுதலாகச் செய்தனர். அவர்களுடைய நுரையீரல் சுருக்கமும் குறைவாக இருந்தது.

இவற்றால் பெறப்படும் கருத்து ஒன்றே. கருவி ஓர் அளவுகோல், ஒரு நினைவூட்டி. நலம் தருவது திரும்பத் திரும்ப எடுக்கும் ஆழ்ந்த மூச்சு. அதனை முறையாகக் கற்பித்து, நாள்தோறும் நினைவூட்ட ஒருவர் வேண்டும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

அறுவை முடிந்து ஊர் திரும்பும் நோயாளிக்கு அந்த ஒருவர் பெரும்பாலும் களப்பணியாளரே. மருத்துவமனை கூறிய முறையினை அடியொற்றிப் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

நோயாளி நிமிர்ந்து அமர வேண்டும். முதலில் காற்றை இயல்பாக வெளிவிட்டு, குழாயை உதடுகளால் இறுகப் பற்றி, மெதுவாக உள்ளிழுத்து, மூன்று முதல் ஐந்து வினாடி வரை நிறுத்தி, பின்னர் குழாயை எடுத்துவிட்டு மூச்சை விட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து மூச்சுகள் என்பது பொதுவாகக் கூறப்படும் அளவு. இடையிடையே ஓய்வு தேவை. தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். பயிற்சி முடிந்தபின், மடித்த துண்டையோ சிறு தலையணையையோ மார்போடு அணைத்துக்கொண்டு இருமிச் சளியை வெளியேற்றச் சொல்லலாம். மார்பெலும்பு கூடுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகுமாதலால், பாரம் தூக்குவது கூடாது. ஆனால் மருத்துவர் கூறிய அளவு நடப்பது இன்றியமையாதது. ஒருவர் கருவியை மற்றொருவர் பயன்படுத்தலாகாது.

காய்ச்சல், மிகுந்த மூச்சுத்திணறல், நிறம் மாறிய சளி, புண்ணில் கசிவு, மார்பெலும்பில் ‘டக்’கென்ற அசைவு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவற்றுள் எது தோன்றினும் பயிற்சியால் தீருமெனக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

1846-ஆம் ஆண்டில் இலண்டனில் ஜான் ஹட்சின்சன் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோரின் மூச்சளவை நீர்த்தொட்டிக் கருவியால் அளந்து வெளியிட்டார். அத்தகைய சோதனையை ஆசிரியர்கள் பள்ளியிலேயே காட்டலாம். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில் அரை லிட்டருக்கு ஒரு கோடிட்டு, நீர் நிரப்பி, நீருள்ள தொட்டியில் கவிழ்த்து, வாயினுள் இரப்பர்க் குழாயைச் செலுத்துக. மாணவர் ஒருவர் ஆழ்ந்து மூச்சிழுத்துக் குழாய்வழி முழுவதும் வெளியிடட்டும். வெளியேறிய நீரே அவரது மூச்சளவு. பின்னர் முன்புறம் நன்கு குனிந்து அமர்ந்தபடி அதையே செய்யச் சொன்னால் அளவு குறையக் காணலாம். ஒவ்வொருவருக்கும் குழாயின் வாய்ப்பகுதியைக் கழுவித் தருதல் வேண்டும்.

நிமிர்ந்து அமர்வதன் பயனை இவ்வாறு கண்ணாற் கண்ட மாணவர், தம் வீட்டிலோ அயல்வீட்டிலோ இருதய அறுவை பெற்றுத் திரும்பிய முதியவர் இருப்பின், அவர் பக்கத்தில் அமர்ந்து, ‘தாத்தா, ஊதாதீர்கள், மெல்ல இழுங்கள்’ என்று சொல்லக் கூடியவராவார். மணியொலிக்கும் கருவி இல்லாத இல்லங்களில் அக்குரலே போதுமான நினைவூட்டியாகும்.