பழுதுபார்ப்புச் செலவும் விசுவாசியின் சாட்சியும்



மும்பை மாநகரில் வாழும் நம் தமிழ் விசுவாசிகளில் அநேகர், பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தும், வங்கியில் கடன் பெற்றும், ஒரு சிறிய ஃபிளாட்டைச் சொந்தமாக்கியிருக்கிறார்கள். மாதத் தவணைக்கே சம்பளம் போதாத வீட்டில், “கட்டடப் பழுதுக்காக ஒவ்வொருவரும் 80,000 ரூபாய் செலுத்த வேண்டும்” என்று சொசைட்டியிலிருந்து கடிதம் வந்தால், அக்குடும்பம் கலங்காதிருக்குமோ? சிலர் வட்டிக்கு வாங்கிச் செலுத்திவிட்டு, உள்ளத்தில் கசப்பை வளர்க்கிறார்கள். சிலர் செயலாளரோடு சண்டையிட்டு, மெயின்டெனன்ஸ் தொகை முழுவதையும் நிறுத்திவிடுகிறார்கள். இவ்விரண்டும் நமக்கு ஏற்ற வழியல்ல.

கணக்குக் கேட்பது அன்பின் குறைவு என்று எண்ண வேண்டாம். 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பணம் வந்துகொண்டிருந்தும், யோவாஸ் அரசாண்ட 23-ஆம் வருஷமட்டும் ஆலயத்தின் பழுது பார்க்கப்படவில்லை. ராஜா ஆசாரியர்களை அழைத்துக் காரணம் கேட்டான். அதன்பின் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தண்டையில் வைத்தான். சேர்ந்த பணத்தை ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் கூடி எண்ணி, வேலையை விசாரிப்பவர்களிடம் ஒப்புவித்தார்கள். தேவனுடைய ஆலயத்துக்கே இவ்வொழுங்கு தேவைப்பட்டதென்றால், நாம் குடியிருக்கும் கட்டடத்துக்கு அது எவ்வளவு அவசியம்!

மகாராஷ்டிராவின் வீட்டுவசதிச் சங்கங்கள் 1960-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்துக்கு உட்பட்டவை. 2014-ஆம் ஆண்டின் மாதிரி துணைவிதிகளின்படி, வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதம் பழுதுபார்ப்பு நிதிக்கும், 0.25 சதவீதம் பெரும் பழுதுகளுக்கான ‘சிங்கிங் ஃபண்டு’க்கும் வசூலிக்கப்பட வேண்டும். ஆகவே புதிய தொகை கேட்கப்படும்போது நாம் முதலாவது கேட்க வேண்டியது, “இதுவரை சேர்ந்த நிதி எவ்வளவு? அதில் செலவானது எவ்வளவு?” என்பதே.

இரண்டாவதாக, பழுது யாருடையது என்று பாருங்கள். மொட்டைமாடி வழியே ஒழுகும் மழைநீர், வெளிச்சுவர்க் கசிவு, பொதுக் குழாய்ப் பழுது ஆகியவை சொசைட்டியின் பொறுப்பு. ஆகையால், மேல்மாடி வீட்டாருக்கு மட்டுமே பயன் என்று சொல்லி, மொட்டைமாடிப் பழுதுக்குப் பங்கு தர மறுப்பது நியாயமல்ல. ஆனால் நம் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக்குள் நீர் கசிந்தால், அச்செலவு நம்முடையது. அதை மறைத்துப் பொதுக்கணக்கில் தள்ளுவது அநீதியாகும்.

மூன்றாவதாக, எதையும் எழுத்தில் கேளுங்கள். பொறியாளரின் அறிக்கை, ஒப்பந்தக்காரர்கள் தந்த விலைப்புள்ளிகள், பொதுக்குழுவின் தீர்மானம், செலவு ரசீதுகள் ஆகியவற்றைப் பார்வையிட வேண்டுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். பொதுக்குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். அங்கே மௌனமாயிருந்துவிட்டுப் பின்பு படிக்கட்டில் முறுமுறுப்பதால் பயனில்லை.

நான்காவதாக, தொகையை நிறுத்தாதீர்கள். நிலுவை வட்டியோடு ஏறும். பதிவாளரின் சான்றிதழ் பெற்று, நிலவரிப் பாக்கிபோல் வசூலிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதிக் கொடுத்துச் செலுத்துங்கள். உங்கள் ஆட்சேபம் பதிவாகும். பதில் கிடைக்காவிடில் துணைப் பதிவாளரிடம் முறையிடலாம். அதிலும் தீராத தகராறுகளுக்குக் கூட்டுறவு நீதிமன்றம் உண்டு.

கமிட்டியில் பொறுப்பேற்றிருக்கும் சகோதரரே, உம்மிடமும் ஒரு வார்த்தை. கணக்குக் கேட்கிறவரைப் பகைவராக எண்ணாதிரும். கேட்பதற்கு முன்பே கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்பது உமக்குப் பாதுகாப்பு. அயலார் நம் ஜெபக்கூட்டத்துக்கு வராமல் இருக்கலாம். ஆனால் நாம் பணத்தைக் கையாளும் விதத்தை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள்.

செலுத்த வேண்டியதைச் செலுத்தவும், கேட்க வேண்டியதைச் சாந்தத்தோடு கேட்கவும் கர்த்தர்தாமே உங்களுக்கு ஞானமும் தைரியமும் அருளுவாராக. ஆமென்.