சிரித்த முகமும் அடிமை வாழ்வும்

வெள்ளையர் குடியேறிய நாள் முதல் வாஷிங்டன் காலம் வரையுள்ள சரித்திரத்தை அமெரிக்கச் சிறுவர்களுக்குப் படப் புத்தகங்களே சொல்லித் தருகின்றன. படமே பொய் சொன்னால்?

2016 ஜனவரியில் ஒரு புத்தகம் வந்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்த நாளுக்குக் கேக் செய்ய வேண்டும், சர்க்கரை இல்லை! சமையல்காரர் ஹெர்குலிசும் மகளும் தவிக்கிறார்கள். ஆனாலும் படங்களில் ஒரே சிரிப்பு.

ஹெர்குலிஸ் ஓர் அடிமை. அடிமைக்கு இத்தனை சிரிப்பா என்று கண்டனம் கிளம்பியது. அதே மாதம் பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது.

நடந்த கதையோ இன்னும் சுவையானது. 1797 பிப்ரவரி 22-ந் தேதி, வாஷிங்டனின் பிறந்த நாளன்றே ஹெர்குலிஸ் தப்பி ஓடினார்! சின்ன மகள் பண்ணையிலேயே இருந்தாள், அவளும் அடிமை. விருந்தாளியுடன் வந்த வேலைக்காரர், “அப்பாவைக் காணாமல் வருத்தமா?” என்று விசாரித்தார்.

சந்தோஷம்தான் என்றாள் சிறுமி. அப்பாவுக்கு விடுதலை கிடைத்துவிட்டதே!