மரம் சாய்ந்த பிறகு கடைக்கு ஓடாதீங்க! செயின்சா வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

2018 நவம்பர் 16. அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்துக் கிடந்தன. பிள்ளைபோல வளர்த்த மரங்கள் போன துக்கம் ஒரு பக்கம். கூரையிலும் சாலையிலும் கிடக்கும் மரத்தை யார் அறுத்து எடுப்பது என்கிற கவலை மறுபக்கம். அரிவாளும் கோடாரியும் எத்தனை மரத்தைத்தான் பார்க்கும்? அப்படி ஒரு நாளில்தான் செயின்சாவின் அருமை தெரியும்.

ஆனால், அவசரத்தில் கையில் கிடைத்த மிஷினை வாங்கினால் பணமும் போகும், சில நேரம் காலும் போகும். நம்பகமான பிராண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய கைகள்

உலக அளவில் செயின்சா என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர்கள் இரண்டு. ஒன்று, ஜெர்மனியின் ஸ்டில். ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்ற பொறியாளர் 1926-ல் தொடங்கிய நிறுவனம். இன்னொன்று, ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா. 1689-ல் துப்பாக்கி செய்யும் ஆலையாகப் பிறந்து, 1959-ல் செயின்சாவுக்கு வந்தது. ஜப்பானின் எக்கோவும் நல்ல பெயர் வாங்கிய மிஷின்தான். இன்னொரு ஜப்பான் நிறுவனமான மகிட்டா, பெட்ரோல் இன்ஜின் தயாரிப்பை 2022-ல் நிறுத்திவிட்டு பேட்டரி மிஷின்கள் பக்கம் திரும்பிவிட்டது. அதன் பழைய பெட்ரோல் மாடலை யாராவது சல்லிசாகக் கொடுத்தால், உதிரி பாகம் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு பக்கம், ஆன்லைனில் ஆறேழாயிரம் ரூபாய்க்கு '58 சிசி', '62 சிசி' என்று குவிந்து கிடக்கின்றன பெயர் தெரியாத மிஷின்கள். எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. வருடத்துக்கு நாலு நாள் மட்டை, கிளை அறுக்கிறவருக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம். ஆனால், சிசி எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இன்ஜினின் சக்தியைச் சொல்வது கிலோவாட் கணக்கு. அதையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள். இந்த இரண்டையும் சொல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

பிராண்டைவிட முக்கியம் மெக்கானிக்

எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் ஸ்டார்ட்டர் கயிறு அறும், கார்புரேட்டர் அடைக்கும், செயின் தேயும். அப்போது உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் கிடைக்கும்? இதுதான் முதல் கேள்வி. பணம் கொடுப்பதற்கு முன் டீலரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

* செயின், பார், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இப்போது கடையில் இருக்கிறதா? 'வரவழைச்சுத் தரேன்' என்றால் யோசியுங்கள்.
* ரிப்பேர் இங்கேயே நடக்குமா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா?
* வாரன்டி எத்தனை மாதம்? கூலிக்கு மரம் அறுத்தாலும் அது செல்லுமா? சொந்த உபயோகத்துக்கும் தொழிலுக்கும் விதிமுறை மாறலாம்.

போலிகளும் உண்டு. அதே ஆரஞ்சு-வெள்ளை நிறம், ஓர் எழுத்து மட்டும் மாறிய பெயர். பாதி விலைக்குப் 'பெரிய கம்பெனி' மிஷின் வருகிறது என்றால், அதன் சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு அங்கீகாரம் பெற்ற டீலரிடம் சரிபார்ப்பது நல்லது. ஜி.எஸ்.டி பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

எந்த அளவு?

கிளை கழிக்க, சிறு மரம் அறுக்க 30 முதல் 40 சிசி, 14 அல்லது 16 இன்ச் பார் போதும். தோப்பு வைத்திருப்பவர்களுக்கு 45 முதல் 50 சிசி, 18 இன்ச் வசதி. அதற்கு மேல் தொழில்முறை மரம் வெட்டுபவர்களுக்கானது. பெரிய மிஷின் என்றால் எடையும் கூடும். களைத்த கையில் கனத்த மிஷின் ஆபத்து.

தென்னைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தண்டின் உள்பக்கம் மென்மை, வெளிப்பக்கமோ நாரும் கடினமும். செயின் சீக்கிரம் மழுங்கிவிடும். மண்ணில் கிடக்கும் மரம் என்றால் இன்னும் வேகமாக. எனவே, மிஷினோடு ஒரு மாற்றுச் செயினும், அதன் அளவுக்கேற்ற வட்ட அரமும் வாங்கிவிடுங்கள். அறுக்கும்போது சீவலாக வராமல் மாவாகக் கொட்டினால், தீட்டும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இவை இல்லாவிட்டால் வேண்டாம்

பாரின் நுனி மேல்பாகம் மரத்தில் பட்டால், மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். 'கிக்பேக்' என்கிறார்கள். அந்த நொடியில் செயினை நிறுத்துவதுதான் செயின் பிரேக். கடையிலேயே அதை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். தவறி அழுத்தினால் ஓடாத ஆக்சிலேட்டர் பூட்டு, அறுந்த செயினைப் பிடித்து நிறுத்தும் கொக்கி, கைக்கு அதிர்வைக் குறைக்கும் ஸ்பிரிங் அல்லது ரப்பர் அமைப்பு, இவையும் கட்டாயம்.

மிஷினுக்கு இருபதாயிரம் செலவழித்துவிட்டு, ஹெல்மெட்டுக்கும் கண்ணாடிக்கும் கணக்குப் பார்ப்பது சரியல்ல. சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காதுக்கும் கவசம் வேண்டும். லுங்கியும் ரப்பர் செருப்பும் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. செயினில் சிக்கி அதை நிறுத்தும் நார் வைத்துத் தைத்த பேன்ட் கிடைக்கிறது. கூலிக்கு ஆள் வைப்பவர்கள் அவருக்கும் அதை வாங்கிக் கொடுப்பது நியாயம்.

புயலில் சாய்ந்த மரம் இன்னும் மோசம். வளைந்து அழுந்திக் கிடக்கும் தண்டை அறுத்தால் வில்லாகத் தெறிக்கும். மின்கம்பி மேல் விழுந்திருந்தால், மின் ஊழியர் வந்து இணைப்பைத் துண்டித்ததாகச் சொல்லும்வரை தொடவே கூடாது.

நல்ல மிஷினைக் கெடுப்பது எது?

பெரும்பாலும் எண்ணெய்தான். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு 50:1 கலவை என்றால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். சில மிஷின்களுக்கு 25:1, அதாவது 40 மில்லி. கையேட்டில் உள்ளதுதான் கணக்கு, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அல்ல. செயினுக்கான ஆயில் தனி, அதற்கான டேங்க்கும் தனி. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், மாதக்கணக்கில் டேங்க்கிலேயே விட்டால் ஈரம் இழுத்து கார்புரேட்டரைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். மிஷின் இருப்பவர்கள் செப்டம்பரிலேயே ஒரு முறை கயிற்றை இழுத்துப் பார்த்துவிடுங்கள். இல்லாதவர்கள், வாசலில் மரம் கிடக்காத இந்த நிதானமான நாளிலேயே டீலரிடம் போய் மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற கடையில் இருப்பதுதான் உங்களுக்கான பிராண்ட்!