பிள்ளைகள் ஏசுவார்களோ என்ற பயம்



வீட்டில் கணினி பழுதானால் அம்மாவும் அம்மம்மாவும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். நாம் வேலைக்கோ படிப்புக்கோ போயிருக்கும் நேரத்தில் திரை முழுவதும் ஓர் எச்சரிக்கை வந்து அலறினால்? "வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று அது சொல்லும்.

அழைத்தால், அன்பாகப் பேசும் ஒருவர் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலியை நிறுவச் சொல்வார். அவை நல்ல கருவிகளே. ஆனால் அனுமதி கொடுத்தவுடன் நம் கணினி அவர் கைக்குப் போய்விடும். பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்.

மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. இதை வீட்டாருக்குச் சொல்லிவைப்போம். திரை மூடாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைக்கவும் காட்டிக்கொடுப்போம்.

அனுமதி கொடுத்தாயிற்றா? இணையத்தை உடனே துண்டிக்க வேண்டும். வேறொரு தொலைபேசியில் 159ஐ அழைத்தால், இங்கே பிரித்தானியாவில் பெரும்பாலான வங்கிகளோடு பேசலாம். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.

பிள்ளைகள் ஏசுவார்களோ என்ற வெட்கத்தில் பெரியவர்கள் பலர் நடந்ததை மறைத்துவிடுகிறார்கள். வங்கிக்குச் சொல்லப் பிந்தினால் பணத்தை மீட்பதும் கடினமாகும். ஆகவே, "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்காமல், "சொன்னது நல்லது, வாங்கோ பார்ப்போம்" என்று தொடங்குவோம்.