நிலாவின் விளிம்பில் ஒரு பாடம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும், தெருவிளக்கு வெளிச்சத்தையும் மீறி நிலாவின் கறைகளை வெறுங்கண் பிரித்துப் பார்த்துவிடும். கண்ணின் கூர்மை ஏறத்தாழ ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர். அதன் கூர்மையோ சுமார் ஆறு கலைதான். கூர்மையின் எல்லை, அலைநீளத்தைக் கருவியின் அளவால் வகுத்தால் கிடைப்பது. முத்தோரையில் வாங்கும் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 92 சென்டிமீட்டர். ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கல்லூரி மாணவர்கள் ரேடியோ வானியலை இந்தக் கணக்கில்தான் தொடங்க வேண்டும் என்பேன். கருவியைப் பெரிதாக்குவதால் மட்டும் இந்தத் தடையைத் தாண்ட முடியாது.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் இந்தத் தொலைநோக்கிக்காகத் தேர்ந்தெடுத்த மலைச்சரிவின் சாய்வு, அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாகச் சுமார் 11 பாகை. தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுவதால், ஒரே அச்சில் திருப்பியே வானில் ரேடியோ அலை தரும் ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். கூர்மையைத் தந்தது நிலா. அதன் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது சமிக்ஞை பட்டென்று அறுந்துவிடுவதில்லை. விளிம்பில் அலை வளைவதால் ஏறி இறங்கித்தான் அடங்கும். மூலம் புள்ளி போன்றதானால் அந்த ஏற்ற இறக்கம் தெளிவாகப் பதியும், அகன்றதானால் மழுங்கிவிடும். நிலா நொடிக்குச் சுமார் அரை விகலை நகர்கிறது (அறுபது விகலை ஒரு கலை). ஆக, பதிவுத்தாளில் நேரத்தை அளந்தாலே கோணம் கிடைத்துவிடும். நுணுக்கம் சில விகலை வரை எட்டியது.

நிலாவின் பாதைக்கு வெளியே இந்த உத்தி செல்லாது. ஆனால் பிரபஞ்சம் காலப்போக்கில் மாறுகிறதா என்ற கேள்விக்கு முழு வானமும் தேவைப்படவில்லை. மங்கலான மூலங்கள் கோண அளவிலும் சிறுத்துக்கொண்டே போவதை ஸ்வரூப்பும் அவர் குழுவின் விஜய் கபாஹியும் 1975-இல் காட்டினார்கள். மங்கலானவை பெரும்பாலும் தொலைவில், அதாவது பழைய காலத்தில் இருப்பவை என்பதால், என்றும் மாறாத பிரபஞ்சம் என்ற கொள்கை இதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1965-இல் அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்டபோதே அக்கொள்கை ஆட்டம் கண்டதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அதோடு தொடர்பில்லாத வேறொரு வழியில் வந்த சாட்சி இது. இன்று புனே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் நிலாவுக்காகக் காத்திருக்காமல் இதைவிடக் கூர்மையாகப் பார்க்கின்றன. பிறகு பழைய உத்தி எதற்கு? அங்கும் நேரடியாகப் படம் விழுவதில்லை. இரண்டிரண்டு ஆன்டெனாக்களின் அலைகள் எந்த அளவு ஒத்துப்போகின்றன என்று அளந்து, அதிலிருந்துதான் படத்தைக் கணக்கிட்டு எடுக்கிறார்கள். அளவீட்டிலிருந்து உருவத்துக்குப் போகும் அந்தக் கணக்கை, நிலா மறைப்பின் ஒரே ஒரு வளைகோட்டில் மாணவர் தாமே போட்டுப் பார்க்கலாம்.