பாவலனுக்கு ஓர் அரியணை
அயல்மண்ணில் வெல்ஷ் மக்கள் எடுக்கும் மொழி விழா

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்த மக்களிடையே தலைமுறைக் கணக்கு ஒன்று உண்டு. முதல் தலைமுறை தாய்மொழியிலே சிந்திக்கும்; அடுத்தது பேசும்; அதற்கடுத்தது கேட்டுப் புரிந்துகொள்ளும்; பின்வருவோர்க்கு அது பாட்டியின் மொழி என்னும் நினைவு மட்டுமே எஞ்சும். கிர்க்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் பிம்ப்ரியிலும் வாழும் நம் குடும்பங்கள் இக்கணக்கை ஏட்டில் படித்தறிய வேண்டியதில்லை. தத்தம் வீட்டுக் கூடத்திலேயே கண்டு வருகின்றன. இதனைப் பொய்ப்பிக்க முயன்று, ஓரளவு வென்றும் காட்டிய ஒரு சிறிய இனத்தாரின் வரலாறு நமக்குப் பயன் தருவதாகும். அவர்களே வெல்ஷ் மக்கள்.

பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதியில் உள்ளது வேல்ஸ் நாடு. 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 31 இலட்சம் பேர். 2011 இல் நம் புனே மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோர் தொகையும் ஏறக்குறைய அவ்வளவே என்றால், அந்நாட்டின் சிறுமை எளிதில் விளங்கும். ‘வெல்ஷ்’ என்பது ஆங்கிலேயரின் முன்னோர் சூட்டிய பெயர்; ‘அயலார்’ என்பது அதன் பொருள். தம் சொந்த மண்ணிலேயே அயலார் எனப்பட்ட அம்மக்கள் தம்மைக் ‘கம்ரி’ என்றே அழைத்துக்கொள்வர். ‘ஒரே நாட்டார்’ என்பது அதன் வேர்ப்பொருள்.

நம் நாட்டுக்கும் அவர்களுக்கும் தொடர்பு உண்டு. தாமஸ் ஜோன்ஸ் என்னும் வெல்ஷ் பாதிரியார் 1841 இல் சிரபுஞ்சியை அடைந்து, காசி மலைமக்களின் மொழியை உரோமன் எழுத்தில் வெல்ஷ் எழுத்துமுறையைத் தழுவி எழுதினார். இன்றும் காசி மக்கள் தம் நாட்டைப் போற்றிப் பாடும் பாடல் வேல்ஸ் நாட்டுப் பண்ணின் மெட்டிலேயே அமைந்துள்ளது.

அமர்ந்திருத்தல் என்னும் விழா

வெல்ஷ் மக்களின் பெருவிழாவிற்கு ‘ஐஸ்டெத்வொட்’ என்று பெயர். ‘அமர்ந்திருத்தல்’ என்று அதனைத் தமிழில் கூறலாம். புலவர் கூடி அமர்ந்த இடத்தை நாம் ‘அவை’ என்றும் ‘சங்கம்’ என்றும் போற்றியதுபோல, அவர்களும் அமர்வையே விழாவின் பெயராக்கினர். 1176 ஆம் ஆண்டு ரீஸ் என்னும் சிற்றரசர் கார்டிகன் கோட்டையில் பாவலரையும் இசைவாணரையும் கூட்டிப் போட்டி நடத்தினார். பாட்டில் வென்றவர்க்கும் இசையில் வென்றவர்க்கும் அவர் அளித்த பரிசு, ஒவ்வொரு நாற்காலி. அம்மரபு வழியே இன்றும் வேல்ஸ் நாட்டின் தலைசிறந்த கவிஞனுக்குக் கிடைக்கும் பரிசு, கைவினைத் திறத்துடன் செய்யப்பட்ட ஒரு மரநாற்காலியே.

அந்நாற்காலிக்குரிய பாட்டு எளிதில் எழுதத்தக்கதன்று. நம் எதுகை மோனையைப் போல, ஓரடியின் மெய்யொலிகள் மற்றொரு பகுதியில் அதே வரிசையில் வந்து பொருந்த வேண்டும் என்னும் கடுமையான யாப்பு அவர்களிடம் உண்டு. வெண்பாவில் தளை தட்டினால் நம் புலவர் பொறாததுபோல, அவர்களும் அதில் பிழை பொறுப்பதில்லை. கவிஞர்கள் புனைபெயரில் பாடல் அனுப்புவர். தகுதியான பாடல் எதுவும் வராத ஆண்டில், ‘தகுதியுடையார் இலர்’ என்று நடுவர் அவையறியக் கூறி, நாற்காலியை எவர்க்கும் வழங்காமல் நிறுத்திவிடுவர். தாய்மொழியில் நாலு வரி எழுதினாலே போதும் என்று முதுகில் தட்டிக் கொடுக்கும் வழக்கம் அங்கில்லை.

வெளியூர்ச் சங்கங்கள் செய்த பணி

நம்மைப் போன்ற சங்கத்தார் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நலிந்து, மதுக்கடைகளில் கூடும் சிறு கூட்டங்களாய்ச் சுருங்கியிருந்த அவ்விழாவிற்கு மறுவாழ்வு தேடியதில், இலண்டனில் பிழைக்கச் சென்ற வெல்ஷ் மக்களின் பங்கு பெரிது. 1751 இல் அங்கே கம்ரோதோரியன் சங்கம் தோன்றியது. 1770 இல் குவினெதிகியன் சங்கம் எழுந்தது. பின்னதன் ஆதரவில்தான் 1789 இல் வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில் விழா புதுமுறையில் நடைபெற்றது. போட்டிக்குரிய பொருளை முன்னரே அறிவித்து எழுதச்செய்யும் ஒழுங்கு அக்காலத்தில் வேரூன்றியது. இலண்டன் பிரிம்ரோஸ் குன்றில் 1792 ஜூன் 21 ஆம் நாள், கல்தச்சரும் கவிஞருமான யோலோ மோர்கனுக் என்பார் பாவலர் பேரவைச் சடங்கை நடத்திக் காட்டினார். தொன்மையானது என அவர் கூறிய அச்சடங்கு அவரே புனைந்தது எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் நிறுவினர். ஆயினும் மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். இன்றும் நாட்டுப் பெருவிழாவில் அது நடைபெறுகிறது.

நாட்டளவிலான முதல் ஐஸ்டெத்வொட் 1861 இல் அபெர்டேர் நகரில் நிகழ்ந்தது. வெல்ஷ் மக்கள் திரளாக வாழ்ந்த ஆங்கில நகரங்களிலும் பின்னர் அவ்விழா கூடியது. அவற்றுள் மறக்கவொண்ணாதது, லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட் நகரில் 1917 செப்டம்பரில் நடந்த விழா. வெல்ஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிரதமர் லாயிட் ஜார்ஜும் அவையில் இருந்தார். நாற்காலிக்குரிய பாடலை எழுதியவரின் புனைபெயரை அறிவித்தனர். எவரும் எழவில்லை. ஹெத் வின் என்று அறியப்பட்ட அக்கவிஞர் ஓர் ஆட்டிடையர், வயது முப்பது. போர்முனையிலிருந்து பாடலை அனுப்பிய அவர், ஜூலை 31 ஆம் நாள் பெல்ஜியத்தில் போரில் மாண்டுபோயிருந்தார். அவைக்குச் செய்தி அறிவிக்கப்பட்டது. நாற்காலியின்மீது கருந்துணி போர்த்தப்பட்டது. அதனைச் செதுக்கியவர், போருக்கு அஞ்சிப் பெல்ஜியத்திலிருந்து ஓடிவந்த ஓர் அகதி. அந்நாற்காலி இன்றும் கவிஞரின் பண்ணை வீட்டில் காக்கப்படுகிறது.

பாலை நிலத்தில் ஒரு தாய்மொழிக் குடியேற்றம்

அதே லிவர்பூல் துறைமுகத்திலிருந்து 1865 மே 28 ஆம் நாள் ‘மிமோசா’ என்னும் கப்பல் புறப்பட்டது. ஏறத்தாழ 150 வெல்ஷ் மக்கள் அதில் இருந்தனர். தாயகத்தில் அவர்கள் மொழிக்கு அக்காலத்தில் நேர்ந்த இழிவு சொல்லுந்தரமன்று. பள்ளியில் வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டு, அடுத்துப் பேசும் குழந்தைக்கு அதனை மாற்றி, மாலையில் யார் கழுத்தில் உள்ளதோ அக்குழந்தையைத் தண்டிக்கும் கொடுமை பல இடங்களில் நிலவியது. நம் பள்ளிகள் சிலவற்றில் தாய்மொழி பேசியதற்குத் தண்டம் விதித்த செய்தி அறிந்தோர்க்கு இது புதுமையன்று. தம் மொழி தலைநிமிர்ந்து வாழ ஓரிடம் வேண்டும் என்று மைக்கேல் ஜோன்ஸ் போன்ற தலைவர்கள் தேர்ந்தது, தென் அமெரிக்காவின் தென்கோடியில் அர்ஜென்டினா நாட்டைச் சார்ந்த படகோனியா.

1865 ஜூலை 28 ஆம் நாள் அவர்கள் கரையிறங்கினர். தென்பாதி உலகில் அது கடுங்குளிர்க் காலம். எதிரே நின்றது புல்லும் அரிதாகிய வறண்ட நிலம். தெவெல்ச்சே என்னும் அந்நாட்டுப் பழங்குடியினர் வேட்டையாடக் கற்பித்தும் பண்டமாற்றுச் செய்தும் உதவினர். சூபுட் ஆற்று நீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சிய பின்னரே விளைச்சல் கண்டனர். அவ்வழியை முதலில் கண்டவர் ரேச்சல் ஜென்கின்ஸ் என்னும் பெண்மணி என்பர். அக்குடியேற்றத்தில் பள்ளியும் வழிபாடும் ஊராட்சியும் வெல்ஷ் மொழியிலேயே நடந்தன. ஐஸ்டெத்வொட்டும் நடந்தது.

பின்னர் நாம் மேலே கூறிய தலைமுறைக் கணக்கு அங்கும் தன் வேலையைத் தொடங்கியது. பள்ளியின் மொழி ஸ்பானியமாயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் தாயகத்திலிருந்து குடியேறுவோர் வரவு நின்றது. பிள்ளைகள் அண்டை வீட்டாருடன் மணவுறவு கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விழாவே நின்றுபோயிற்று. கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும், ஆனால் முடியவில்லை.

1965 இல், கரையிறங்கிய நூறாம் ஆண்டில், சூபுட் மக்கள் விழாவை மீண்டும் எடுத்தனர். அவ்விழா இன்றளவும் நடந்து வருகிறது. 1997 முதல் வேல்ஸ் நாட்டிலிருந்து ஆசிரியர்களை அனுப்பி வைக்கும் திட்டம் செயற்படுகிறது. ட்ரெலியூ, கைமன், ட்ரெவெலின் ஆகிய ஊர்களில் வெல்ஷும் ஸ்பானியமும் கற்பிக்கும் இருமொழிப் பள்ளிகள் உள்ளன. வெல்ஷ் முன்னோர் ஒருவரும் இல்லாத பிள்ளைகளும் மேடையேறி வெல்ஷ் பாடல் இசைக்கின்றனர்.

சூபுட் விழாவில் தலைமைப் பரிசுகள் இரண்டு. வெல்ஷ் கவிதைக்கு நாற்காலி. ஸ்பானியக் கவிதைக்கு மணிமுடி. தமக்கு வாழ்வளித்த நாட்டின் மொழியையும் அதே மேடையில் அமர்த்தி மதிப்புச் செய்தனர். தம் மொழிக்குரிய அரியணையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

விழா ஒன்றே மொழியைக் காத்துவிடும் என்று நாம் கூறவில்லை. வேல்ஸ் நாட்டிலேயே 1911 இல் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் பேசிய மொழியை, 2021 இல் பேசுவதாகக் கூறியோர் நூற்றுக்கு 18 பேருக்கும் குறைவு. அதாவது சுமார் 5,38,000 பேர். பள்ளியும் சட்டமும் வானொலியும் தொலைக்காட்சியும் கைகொடுத்தும் நிலை இதுவே. ஆயினும் அம்மொழியில் புதுப்பாட்டு பிறப்பது ஓராண்டும் ஓயவில்லை. விழா நாள் ஒரு வாரமேயாயினும், அதற்கு ஆயத்தம் செய்வது ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை. நாற்காலியை நாடும் கவிஞன் மாதக்கணக்கில் சொல்லைத் தேடுகிறான். பாடற்குழு மாலைதோறும் கூடுகிறது. போட்டிக்குப் போகும் குழந்தைக்குத் தாய் வீட்டிலேயே உச்சரிப்புத் திருத்துகிறாள். மொழி வாழ்வது அம்மாலைகளிலேதான்.

நம் பொங்கல் விழாக்களை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். தேவநாகரியிலோ உரோமன் எழுத்திலோ எழுதிக் கொடுத்த நான்கு வரியைக் குழந்தை ஒப்பிக்கிறது; அவை கைதட்டுகிறது; மறுநாள் அத்தாள் குப்பைக்குப் போகிறது. குழந்தையைக் குறை கூறுவதற்கில்லை. நாம் கேட்டது அவ்வளவே. அது தந்ததும் அவ்வளவே.

அயல்மண்ணில் வாழ்வோர் மொழியை இழந்தே தீரவேண்டும் என்பதில்லை. இம்மராட்டிய மண்ணிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் வெங்கோஜியுடன் தஞ்சை சென்ற மராட்டியர் வழியினர், தமிழும் கற்று, தம் வீட்டில் தஞ்சை மராட்டியையும் போற்றி வந்துள்ளனர். கன்னட நாட்டில் பிறந்த பீம்சேன் ஜோஷி அவர்கள் தம் குருவின் நினைவாக 1953 இல் இப்புனேயில் தொடங்கிய சவாய் கந்தர்வ இசை விழாவை மராட்டிய மக்கள் தம் சொந்த விழாவாகவே கொண்டாடுகின்றனர். அவர் பாடிய மராட்டி அபங்கங்கள் வீடுதோறும் ஒலிக்கின்றன. தன் மரபில் ஊன்றி நின்றவனை அயலார் மதிப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, நம் அடுத்த விழாவிற்குச் சிலவற்றை எண்ணிப் பார்க்கலாம். இளைஞர் எழுதவேண்டிய பொருளை ஓராண்டுக்கு முன்பே அறிவிக்கலாம். புனைபெயரில் எழுதச் செய்து, தகுதியுள்ளதற்கே பரிசளிக்கலாம். தமிழ் எழுத்தைப் பார்த்துப் படிக்கும் சிறுவர்க்குத் தனிப் பரிசு வைக்கலாம். வேல்ஸ் நாட்டுப் பெருவிழாவில் மொழியைப் புதிதாகக் கற்றோர்க்குச் சிறப்புச் செய்வதுபோல, தமிழ் கற்கும் மராட்டிய மருமகளுக்கும் மருமகனுக்கும் மாலையிடலாம். தமிழ்க் கவிதைக்கு அருகிலேயே மராட்டிக் கவிதைக்கும் ஒரு பரிசு இருக்கட்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாலை வேளைகளே வேண்டும்.

நம்மிடம் சங்கம் உண்டு, விழா உண்டு, ஈராயிரம் ஆண்டுப் பாட்டும் உண்டு. அப்பாட்டின் அடுத்த வரியை எழுதும் பிள்ளைக்கு நாம் ஓர் இருக்கை அமைத்துத் தருவோமாக.